பாகு ஆறும் வரை

பைன் ஃபோர்க் ஊரில் யாரிடம் போய் ஒரு பண்டத்தின் செய்முறையைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, சின்ன அட்டையில் முத்து முத்தாக எழுதியும் தருவார்கள். ஒன்று மட்டும் அதில் இருக்காது. ஆர்டித் அம்மாள் எழுதிக் கொடுக்கும் பீச் ஊறுகாயில் கிராம்பு இருக்காது. டாக்டர் வீட்டம்மாள் கொடுக்கும் சோள ரொட்டியில் மோர் இருக்காது. வாங்கிப் போனவள் செய்து பார்த்துவிட்டு, உங்கள் கைக்கு வருகிற மாதிரி வரவில்லையே என்பாள். கொடுத்தவள் அடடா என்பாள். இரண்டு பேருக்குமே விஷயம் தெரியும். ஆர்க்கன்ஸாவின் அந்த மூலையில் இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை, பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் விளையாட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. அடுத்த வீட்டுக்காரியிடம் விளையாடலாம், தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் விளையாடலாம். தன் வீட்டுக்கு வாழ வந்த பெண்ணிடம் விளையாடக்கூடாது. வெல்டா விளையாடினாள். தம்பி ஹாய்ட்டுக்குக் கல்யாணமான முதல் டிசம்பரிலேயே, அவன் பெண்டாட்டி ஜோநெல்லிடம்.

வெல்டாவின் பேரீச்சை உருட்டுக்கு அந்த வட்டாரத்திலேயே பெயர். சர்க்கரையும் பாலும் உருண்டைப் பதம் வரக் காய்ச்சி, நறுக்கிய பேரீச்சம்பழத்தைக் கரைய விட்டு, வெண்ணெய் போட்டு, பளபளப்பு மங்கி வெண்ணெய்போல் ஆகும்வரை கரண்டியால் அடிக்க வேண்டும். பெக்கான் பருப்பைக் கலந்து, ஈரத் துணியில் கொட்டி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி வைத்தால், மறுநாள் கத்தி வைத்ததும் வில்லை வில்லையாக விழும். வாயில் போட்டால் கரைய வேண்டும். பல்லில் ஒரு மணி நெருடினாலும் அது உருட்டு இல்லை.

அம்மா செத்தபோது ஹாய்ட்டுக்கு ஆறு வயது, வெல்டாவுக்குப் பத்தொன்பது. மரமில்லில் வேலை பார்த்த ஒருவன் அவளைக் கேட்டு வந்தான். இந்தப் பையன் வளரட்டும் என்றாள். பையன் வளர்ந்தான், கேட்டு வந்தவன் வேறு ஊரில் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். வெல்டா துணிக்கடையில் கஜக்கோல் பிடித்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். தம்பி யுத்தத்துக்குப் போய்த் திரும்பினான், மில்லில் கணக்கராக ஆனான், லிட்டில் ராக் நகரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஜோநெல்லைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். நல்ல பெண். அதுதான் வெல்டாவுக்குச் சிரமமாக இருந்தது. குறை சொல்ல ஒரு பிடி கிடைக்கவில்லை.

அந்த டிசம்பரில் ஜோநெல் வந்து, அக்கா, அவருக்கு அந்த உருட்டு ரொம்பப் பிடிக்குமாமே, எனக்கு எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டாள். வெல்டா எழுதினாள். எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் எழுதினாள். அடுப்பிலிருந்து இறக்கவும் என்று எழுதியதும் பேனா நின்றது. அடுத்து எழுத வேண்டியது ஒரே ஒரு வரி. சட்டியின் அடியை உள்ளங்கையில் தாங்கலாம் என்கிற அளவுக்கு ஆறும்வரை கரண்டி படக்கூடாது. சூட்டோடு அடித்தால் பாகு பூத்துவிடும், முழுதும் மணலாகிவிடும். பாகு காய்ச்சத் தெரிந்த எவளுக்கும் இது தெரியும். டைப் அடிக்க மட்டும் தெரிந்த பெண்ணுக்குத் தெரியாது.

வெல்டா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் மத்தியானம் ஹாய்ட் இந்தச் சமையலறைக்கு வருவான். நின்றபடியே உருட்டின் முனையை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, அக்கா, கிறிஸ்துமஸ் இப்போதான் வந்தது என்பான். இனி எதற்கு வருவான்? பேனாவை எடுத்து, வெண்ணெய் சேர்த்து நன்றாக அடிக்கவும் என்று அடுத்த வரியை எழுதி, அட்டையை மடிக்காமல் உறையில் போட்டுக் கொடுத்தாள். ஜோநெல் அவளைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஒன்பது கிறிஸ்துமஸ் போயிற்று. ஒன்பது முறையும் ஜோநெல்லின் உருட்டு துணியில் உதிர்ந்தது. முதல் வருஷம் எல்லோரும் சிரித்தார்கள், ஜோநெல்லும் சிரித்தாள். இரண்டாம் வருஷம் ஹாய்ட் அதற்கு ஆற்றுமணல் என்று பெயர் வைத்தான். மூன்றாம் வருஷம் ஜோநெல் வெல்டாவைத் தன் சமையலறைக்கே கூப்பிட்டு, பக்கத்தில் நிற்க வைத்துச் செய்தாள். மூன்று மாதக் கர்ப்பம். கொதிக்கக் கொதிக்க இறக்கி, அட்டையை ஒருமுறை பார்த்து, கரண்டியைப் போட்டாள். தோள் நோக அடித்தாள். வெல்டா பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டிக்குள் பாகு கண்ணெதிரே பூத்தபோது, வெளியில மழை கட்டுதும்மா, ஈரக்காத்துல இது வராது என்று சொன்னாள். வாயிலிருந்து அது வந்த சுலபத்தைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

அதன்பிறகு காரணங்கள் தாமாகவே வளர்ந்தன. ஒருத்தி சட்டியைக் குறை சொன்னாள். ஒருத்தி ஜோநெல்லுக்குச் சூட்டுக்கை, சூட்டுக்கைக்காரிக்குப் பாகும் வராது பணியாரமும் வராது என்று கண்டுபிடித்தாள். அது நிலைத்துவிட்டது. ஜோநெல்லே அதைச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். அவள் இளைய மகள் மாவிஸுக்கு இப்போது ஆறு வயது. போன வருஷம் வெல்டா வீட்டில் பாகு காய்ச்சும்போது, கரண்டி பிடிக்கிறாயா என்று கேட்டதற்கு அந்தக் குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்கும் அம்மா கைதான் அத்தை, கெட்டுப்போயிடும் என்றது. அன்று வெல்டாவின் உருட்டும் சரியாக வரவில்லை. பாகை எப்போது இறக்கினோம் என்றே அவளுக்கு நினைவில்லை.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பாள். ஒரு வருஷத்துக் குற்றத்தைச் சொல்ல ஒரு வாய் போதும். நாலு வருஷத்துக் குற்றத்தை எந்த வாயால் சொல்வது? ஹாய்ட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே நாக்கு உள்ளே போய்விடும். அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் இலையுதிர்காலத்தில், தேவாலயக் கூடத்துக்குப் புதுக் கூரை போடவேண்டி பெண்கள் சங்கத்தார் ஒரு சமையல் புத்தகம் போடுவது என்று முடிவெடுத்தார்கள். பொறுப்பு இமோஜீனுக்கு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர், புள்ளி வைக்காத வாக்கியத்தைக் கண்டால் இன்றைக்கும் சிவப்புப் பென்சிலைத் தேடுவார். டைப் அடிக்கும் வேலை ஜோநெல்லுக்கு. ஊரார் எல்லோரும் தங்கள் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவரவர் வழக்கப்படி ஏதாவது விட்டுத்தான் கொடுத்திருப்பார்கள், அது வேறு கதை.

அக்டோபர் கூட்டத்தில் டைப் அடித்த தாள்கள் கைமாறி வந்தன. பன்னிரண்டு பெண்கள், நடுவில் காப்பிப் பாத்திரம். மிட்டாய்ப் பகுதியின் முதல் தாளைப் பார்த்ததும் வெல்டாவின் கை நின்றது. 'வெல்டா அக்காவின் பேரீச்சை உருட்டு' என்று தலைப்பு. அதற்குக் கீழே, 'என் கணவரை வளர்த்த கை எழுதிக் கொடுத்தது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் எழுதியது, எழுத்து மாறாமல்.

தனக்கு ஒருமுறைகூட வராத பண்டத்தை ஜோநெல் எதற்குப் புத்தகத்தில் போட்டாள் என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டே விட்டாள். என் கைதானே சரியில்லை, அக்கா எழுத்து சரிதானே, மத்தவங்களுக்காவது வரட்டும் என்றாள் ஜோநெல். முகத்தில் துளிக் குறும்பு இல்லை. வெல்டா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுக்குக் குறுகுறுக்கவில்லை, அடித்துக்கொண்டது.

அதற்குள் இமோஜீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதென்ன வெல்டா, இறக்கினதும் அடிக்கிறதா? ஆற வைக்க வேண்டாமா?" என்று கேட்டார்.

மற்ற பதினொரு முகங்களும் திரும்பின. ஹாய்ட் பெயரும் மில்லும் தேவாலயமும் எல்லாம் சேர்ந்து ஒரே நொடியில் வெல்டாவின் தலைக்குள் சுற்றின. "டைப் அடிக்கும்போது ஒரு வரி விட்டுப்போச்சு போல," என்றாள்.

நம்ம ஊரில் வரியை விடுவது டைப்ரைட்டர் இல்லையே என்று ஆர்டித் அம்மாள் சொல்ல, எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். ஜோநெல் சிரிக்கவில்லை. காது வரை சிவந்துபோய், மூன்று தடவை சரிபார்த்தேன், எப்படியோ கண் தாண்டிவிட்டது, என் தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு, அந்த வரியைச் சொல்லுங்கள் அக்கா, எழுதிக்கொள்கிறேன் என்றாள். வெல்டா சொன்னாள். சட்டியின் அடி உள்ளங்கைக்குத் தாங்கும்வரை ஆறவேண்டும், அதுவரை கரண்டி படக்கூடாது. பென்சில் வேகமாகத்தான் தொடங்கியது. பாதி வரியில் மெதுவாகி, நின்று, பிறகு மீதியை எழுதி முடித்தது. ஜோநெல் தலை நிமிரவில்லை.

அந்த ஞாயிறு வெல்டா தேவாலயத்துக்குப் போகவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். கடையில் திங்களன்று மூன்று கஜம் கேட்டவளுக்கு நாலு கஜம் வெட்டினாள். விட்ட வரியை விட, போட்ட பழிதான் அவளை அரித்தது. விட்டது பேனா நின்ற ஒரு நிமிஷத்தில் நடந்தது. பழியை அவள் பன்னிரண்டு பேர் நடுவே, பட்டப்பகலில், ஏற்கெனவே தலை குனிந்திருந்த பெண்ணின் தலையில் வைத்தாள். புதன்கிழமை காலை, ஹாய்ட் மில்லுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன நேரம் பார்த்து, ஜோநெல் வீட்டுக்குக் கிளம்பினாள்.

சமையலறைக்குள் நுழைந்ததுமே காய்ச்சிய பாலும் பேரீச்சையும் மணத்தன. அடுப்பு அணைந்திருந்தது. மேஜைமேல் ஒரு மரப்பலகை, பலகைமேல் சட்டி. உருகும் வெண்ணெய் மேலே மஞ்சளாகப் பரந்துகொண்டிருந்தது. கரண்டி எட்டும் தூரத்தில் இல்லை. ஜோநெல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த அட்டை, ஒன்பது வருஷத்துப் பால் கறைகளோடு.

"உட்காருங்க அக்கா. ஆறிட்டிருக்கு."

வெல்டா உட்கார்ந்தாள்.  பிறகு ஜோநெல் அட்டையை அவள் பக்கமாக நகர்த்தினாள். அதில் அந்த வரி இல்லை, தான் டைப் அடித்தது சரிதான் என்றாள். குரலில் கோபம் இல்லை. யாருக்கும் எழுதும்போது ஒன்று மறப்பது சகஜம் என்றாள். அன்றைக்குத் தானும் எதிரே உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததாகவும், அதில்தான் விட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னாள். "மறந்துட்டீங்க, இல்லியா?"

கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் அவள் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல், அதோடு முடிந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கூட இருக்கலாம். வெல்டா அந்த முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டுமே என்று அந்த முகம் கெஞ்சியது.

"மறக்கலை," என்றாள் வெல்டா.

 ஜோநெல் எழுந்து சட்டியைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு. கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். வெல்டா பேசினாள். ஹாய்ட் வராமல் போய்விடுவானோ என்று பயந்ததைச் சொன்னாள், ஜன்னலைப் பார்த்ததைச் சொன்னாள், பிறகு சொல்ல வாய் வராததைச் சொன்னாள். தனக்கே கேட்கக் கூசியது. ஒரு சட்டி மிட்டாய்க்கு இவ்வளவா என்று தோன்றியது. மிட்டாய்க்கு இல்லை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

"மூணாவது வருஷம் இங்கதான் நின்னீங்க," என்றாள் ஜோநெல். "மாவிஸ் வயித்துல. என் கை மரத்துப்போற வரைக்கும் அடிச்சேன். நீங்க பார்த்துக்கிட்டே இருந்தீங்க. அதான் எனக்குப் புரியலை அக்கா. எழுதாம விட்டது கூடப் புரியுது."

 இத்தனை நாளில் வெல்டா எல்லாக் கேள்விக்கும் ஒரு பதில் தேடி வைத்திருந்தாள், இதற்கு மட்டும் இல்லை. மன்னித்துவிடு என்றாள். அது மேஜைமேல் கிடந்தது, யாரும் எடுக்கவில்லை.

சட்டி உள்ளங்கைக்குத் தாங்கியபோது ஜோநெல் கரண்டியை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். பத்து நிமிஷம். பாகு மங்கியது, தடித்தது, வெண்ணெயாகத் திரண்டு வந்தது. ஒரு மணி இல்லை. பெக்கானைக் கலந்து, ஈரத்துணியில் கொட்டி, சுருட்டினாள். சூட்டுக்கை என்று ஊரே சொன்ன கை. சுருட்டி முடித்ததும் துணியின் ஓரத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் வெல்டா நின்றாள், தொடவில்லை.

இன்று சாயங்காலமே ஹாய்ட்டிடம் சொல்லிவிடுகிறேன், சங்கத்திலும் சொல்லிவிடுகிறேன் என்று வெல்டா சொன்னபோது ஜோநெல் வேகமாகத் திரும்பினாள்.

"வேண்டாம். சங்கத்துல டைப்பிங் தப்புன்னே இருக்கட்டும். அவர்கிட்டயும் சொல்லாதீங்க. அவருக்கு அம்மான்னு இருந்தது நீங்கதான். அதைக் கெடுக்கிற பழி எனக்கு வேண்டாம்."

வீட்டுக்கு நடக்கும்போது வெல்டாவுக்கு மூச்சு லேசாக வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நெஞ்சு சொன்னது. அப்படிச் சொன்ன நெஞ்சை நினைத்து, தபாலாபீஸ் வாசலில் நின்று வெட்கப்பட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அவள், இப்போது பரிமாறுகிறவளும் சேர்ந்து மறைக்கிறாள்.

புத்தகம் நவம்பரில் வந்தது, வரி சரியாக இருந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஹாய்ட் வெல்டா வீட்டுக்கு வரவில்லை. காரை அனுப்பி அவளைத் தன் வீட்டுக்கு வரவழைத்தான். மத்தியான வெயில் சமையலறைக்குள் விழுந்திருந்தது. மேஜை நடுவில் தட்டில் உருட்டு, வில்லை வில்லையாக. பிள்ளைகள் வாய் நிறைய மென்றுகொண்டிருந்தார்கள். ஹாய்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வெல்டாவின் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"பாரு அக்கா, ஒம்பது வருஷம் எங்களை மண்ணு தின்ன வெச்சா. நீ வந்து ஒருநாள் சொல்லிக் கொடுத்தியாமே, சொன்னா. உன் கை பட்டாதான் இந்த வீட்டுல எதுவும் உருப்படும்." ஜோநெல்லைப் பார்த்துக் கண் சிமிட்டினான். "நீ வெறும் கரண்டிதான்டி, ஒத்துக்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாவிஸ், நல்லவேளை அத்தை வந்தாங்க என்றாள். ஜோநெல் புன்னகைத்தாள். வெல்டாவுக்கு அந்தப் புன்னகை தெரியும். ஒன்பது கிறிஸ்துமஸாக, உதிர்ந்த துணிக்கு எதிரே நின்று அவள் சிரித்த அதே சிரிப்பு. முன்பு ஒன்றும் தெரியாமல் சிரித்தாள். இன்று எல்லாம் தெரிந்து, வெல்டாவுக்காகச் சிரிக்கிறாள். இனி ஒவ்வொரு வருஷமும் சிரிப்பாள். குழந்தையும் அதைப் பார்த்துக்கொண்டே வளரும்.

வெல்டா தம்பியின் கையைத் தோளிலிருந்து எடுத்து விட்டாள்.

"அவ கைல ஒருநாளும் தப்பில்லை, ஹாய்ட். நான் எழுதிக் கொடுத்த அட்டைதான் தப்பு. ஒரு வரியை விட்டுட்டுக் கொடுத்தேன். தெரிஞ்சேதான் விட்டேன்."

அவன் முதலில் சிரித்தான், ஊர் விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். யாருக்குக் கொடுத்த அட்டை அது, எந்த வருஷம் என்று மெதுவாகக் கணக்குப் போடுவது அவன் கண்ணில் தெரிந்தது. ஏன் என்று கேட்டான். நீ என் வீட்டுக்கு வராமல் போய்விடுவாய் என்று பயமாக இருந்தது என்றாள் வெல்டா. இதைவிட நல்ல காரணம் அவளிடம் இல்லை.

அக்கா, விடுங்கள், எல்லாம் முடிந்துபோனது என்று ஜோநெல் குறுக்கே வந்தாள். ஹாய்ட் கையிலிருந்த வில்லையைத் தட்டில் திரும்ப வைத்தான். பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"ஆற்றுமணல்னு பேரு வெச்சேனே," என்றான். "பிள்ளைங்க முன்னாடி. வருஷா வருஷம்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜோநெல் அழுதுகொண்டே அவனைச் சமாதானப்படுத்தினாள். மாவிஸ் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தனை பேரும் நின்ற அந்தச் சமையலறையில் வெல்டாவுக்கு நிற்க இடம் இல்லாததுபோல் இருந்தது. சொன்னதற்கு அவள் வருத்தப்படவில்லை. செய்ததற்குத்தான் வருந்தினாள். நாற்காலியிலிருந்த கோட்டை எடுத்தாள். இருங்கள் அக்கா, சாப்பாடு எடுத்து வைக்கிறேன் என்றாள் ஜோநெல், பிறகு அவங்களை உட்காரச் சொல்லுங்க என்று புருஷனிடம் சொன்னாள். ஹாய்ட் சொல்லவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தான்.

"வாங்க," என்றான். "வீட்டுல விட்டுடறேன்."

ஆறு வயதிலிருந்து அவளை நீ, வா, போ என்று மட்டுமே கூப்பிட்டவன். வெல்டா கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.